குழிக்கு ஒரு சாண் முன்னால் நின்ற பந்து

என் அருமை மாப்ளே சிக்கந்தர்,

உனக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. இருபத்தேழு வருஷப் பழக்கத்தில் நாம் ஒருவருக்கொருவர் ஒரு வரி எழுதிக்கொண்டதில்லை. லோடு வந்ததா, எத்தனை ரீம், எந்த சைஸ் என்று போனில் கத்தியே காலம் போய்விட்டது. இப்போது உன் நம்பரை அழுத்தினால் உன் மகள் ரெஹானா எடுக்கிறாள்.

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. போன மாசம் வருஷ பாத்திஹாவும் ஓதியாயிற்று. சாப்பாடு நன்றாக இருந்தது, தால்சாவில் மட்டும் உப்பு கொஞ்சம் தூக்கல். நீ இருந்திருந்தால் எழுந்து போய்ச் சமையல்காரரை ஒரு பிடி பிடித்திருப்பாய். நான் வழக்கம்போல, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தபடியே சாப்பிட்டு முடித்துவிட்டேன்.

இதை நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நாலு பேருக்கு நடுவில் நான் செய்யாமல் விட்ட ஒரு காரியத்தைப் பற்றியது இது. அதை உன்னிடம் மட்டும் காதோடு சொன்னால் போதாது என்று தோன்றியது.

உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள், அவர்களுக்காக இரண்டு வார்த்தை. நீ விருதுநகரில் பேப்பர் வியாபாரி. நான் சிவகாசியில் ஆப்செட் பிரஸ் வைத்து வெடிப் பெட்டி லேபிளும் காலண்டரும் அடிப்பவன். நீ என்னை மச்சான் என்பாய், நான் உன்னை மாப்ளே என்பேன். உன் மனைவி ஜமீலா எனக்குத் தங்கச்சி. உன் ஒரே மகளுக்கு நான் மாமா. நீ ஐந்து வேளை தொழுகிறவன், நான் வருஷம் தவறாமல் இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குப் போகிறவன். இந்த முறையெல்லாம் எங்கிருந்து வந்தது என்று இரண்டு வீட்டிலும் யாரும் கேட்டதில்லை.

இனி கோல்ஃபுக்கு வருகிறேன். விருதுநகர்க்காரனுக்கும் கோல்ஃபுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். ஒரு பேப்பர் மில் தன்னுடைய டீலர்களைக் கொடைக்கானலுக்குக் கூட்டிப் போனதுதான் சம்பந்தம். "சும்மா வா மச்சான், குளுந்த காத்து வாங்கிட்டு வருவோம்" என்று நீ என்னையும் இழுத்துப் போனாய். மீட்டிங் முடிந்ததும் பொழுதுபோக்குக்கென்று ஒரு பட்டிங் போட்டி வைத்தார்கள். கோல்ஃபில் அதுதான் கடைசி வேலை. பந்து குழிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஓங்கி அடிக்க வேண்டியதில்லை, மட்டையால் தட்டி உருட்டிவிட்டால் உள்ளே விழ வேண்டும், அவ்வளவுதான்.

மற்ற டீலர்கள் குனிந்து, நிமிர்ந்து, ஒற்றைக் கண்ணை மூடி, புல்லின் சாய்வை அளந்தார்கள். உன் முறை வந்தது. நீ டீக் கப்பைக் கீழே வைத்தாய், குழியை ஒரு தடவை பார்த்தாய், தட்டினாய். விழுந்தது. ஐந்தில் நாலு விழுந்தது. பரிசாக ஒரு மட்டையையே கொடுத்தார்கள். பஸ்ஸில் ஊர் வரும் வரைக்கும் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தாய்.

நானும் ஐந்து தட்டினேன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஐந்தும் நேராகத்தான் போயின. ஐந்தும் குழிக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிட்டன.

ஊருக்கு வந்த மறுவாரமே உன் குடோன் மாடியில் வேலை நடந்துவிட்டது. கடை வாசலுக்குப் போடுகிற பச்சைப் பிளாஸ்டிக் புல் விரிப்பு, அடியில் பிளைவுட் பலகை, பலகையில் ஓட்டை போட்டு அதற்குள் ஜமீலாவின் எவர்சில்வர் டம்ளர். இரண்டு பக்கமும் பேப்பர் ரீம் அடுக்கு. சனிக்கிழமை சாயங்காலம் நீ அஸர் தொழுதுவிட்டு வருவாய், நான் ஆமத்தூர் வழியாக வண்டியை விட்டுக்கொண்டு வந்து சேர்வேன். ஆளுக்குப் பத்துப் பந்து. தோற்றவன் டீ சொல்ல வேண்டும். அநேகமாக நான்தான் சொன்னேன்.

உன் அவசரத்திலும் கோளாறு உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஒரு சனிக்கிழமை நீ தட்டிய தட்டில் பந்து டம்ளரைத் தாண்டி, விரிப்பைத் தாண்டி, ஜன்னல் வழியாகப் போய்க் கீழே டீக்கடை வடைத் தட்டில் விழுந்தது. கடைக்காரர் அதைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து, "பாய், இது எந்தக் கோழி போட்டது?" என்று கேட்டார். இன்னொரு தடவை, மழையில் வந்த லோடைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் இறக்கச் சொல்லிவிட்டு, இரண்டு வாரம் குடோன் முழுக்க நனைந்த தாளை அப்பளம் மாதிரி காயப்போட்டாய். அப்போதும் நீ அலட்டிக்கொள்ளவில்லை. அடுத்த லோடைப் பிரித்துப் பார்த்து இறக்கினாய், அவ்வளவுதான்.

என் ஆட்டத்தைப் பார்த்து நீ செய்த கேலிக்கு அளவே கிடையாது. நான் பந்தை நாலு பக்கமும் சுற்றி வருவேன். விரிப்பில் சுருக்கம் இருக்கிறதா என்று தடவுவேன். மட்டையை ஓங்கிய பிறகும், இந்த வேகம் போதுமா, கூடிப்போகுமோ என்று யோசிப்பேன். கை தானாகத் தளர்ந்துவிடும்.

"ஒம் பந்து வாசல்ல நின்னு உள்ள வரலாமான்னு கேக்குது மச்சான்" என்பாய். "அங்கன யாரு இருக்கா, வாங்கன்னு சொல்ல?"

ஒரு நாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் அய்யா பட்டாசு ஆபீஸில் வெடிமருந்து ரூமில் வேலை பார்த்தவர் என்று உனக்குத் தெரியும். எதையும் தரையில் இழுக்காதே, தூக்கி வை, வைக்கிற முன்னால் நாலு தடவை பார் என்று சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார். பத்து விரலோடு வேலையை விட்டு இறங்கினார். அந்த ரூமில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குத்தான் தெரியும். யோசிக்கிறவன் பிள்ளையடா நான், அதில் என்ன கேவலம் என்று உன்னிடம் கத்தினேன்.

நீ மட்டையைச் சுவரில் சாய்த்து வைத்தாய். பிறகு சொன்னாய்: "அய்யா சொன்னது சரிதான் மச்சான். ஆனா வைக்கிறதுக்கு முன்னாடிதான பாக்கச் சொன்னாக? கைய நீட்டுன பெறகு நிறுத்திப் பாக்கச் சொல்லலையே. மருந்தத் தூக்கிட்டுப் பாதியில கை தயங்குனா அய்யாவே ஏசியிருப்பாக." அன்றைக்கும் டீ நான்தான் சொன்னேன்.

பிரஸ்ஸிலும் எனக்கு இதே சீக்குதான். மெஷினில் முதலில் கொஞ்சம் ஷீட் ஓட்டிக் கலரைச் சரிபார்ப்போம். சரியாக வந்த ஷீட்டில் நான் ஓகே என்று கையெழுத்துப் போட வேண்டும், அதற்குப் பிறகுதான் ஆயிரக்கணக்கில் ஓடும். சிவப்பைக் கொஞ்சம் கூட்டு, கொஞ்சம் குறை, இன்னும் ஒரு ஷீட் என்று நான் நிற்பேன். மெஷின் மேன் சுப்புராஜ் ஒரு நாள் நாலாவது ஷீட்டையும் நாற்பதாவது ஷீட்டையும் அடுத்தடுத்து வைத்து, "அண்ணாச்சி, இதுல எது எதுன்னு சொல்லுங்க பாப்போம்" என்றான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இதெல்லாம் சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது, நீ போகிற நாள் வரைக்கும்.

காலையில் நெஞ்சுவலி என்று போன் வந்தது. நான் வந்து சேருவதற்குள் உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றார்கள். உங்கள் ஆட்கள் இந்த விஷயத்தில் நேரம் கடத்துவதில்லை. குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தூக்கிவிட்டார்கள். நானும் பின்னால் நடந்தேன்.

சந்தூக்கைத் தூக்குகிறவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒருவர் பத்தடி சுமப்பார், அதற்குள் அடுத்தவர் தோளைக் கொடுப்பார், முதலாமவர் விலகுவார். யாரும் யாரையும் கேட்கவில்லை. தெருக்காரர்கள், கடைக்காரர்கள், லாரி டிரைவர்கள் எல்லோரும் கொடுத்தார்கள். வடைத் தட்டைப் பறிகொடுத்த டீக்கடைக்காரர் நெற்றியில் திருநீறோடு வந்து தோள் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் யோசித்துக்கொண்டிருந்தேன். தலையில் கைக்குட்டை கட்டியிருக்கிறேன், அது போதுமா? செருப்பைக் கழற்றிவிட வேண்டுமா? வலது தோளா, இடது தோளா? எல்லோரும் கலிமா சொல்லியபடி தூக்குகிறார்கள், நான் வாயை மூடிக்கொண்டு தூக்கினால் தப்பாகிவிடுமா? பெரியவர் யாராவது முகம் சுளித்தால் ஜமீலா வீட்டாருக்குச் சங்கடம் ஆகுமே? யாரும் சுளித்திருக்க மாட்டார்கள், அது எனக்குத் தெரியும். உன் தம்பி யூசுப் முன்பக்கத்திலிருந்து திரும்பி, "வாங்கண்ணே" என்று தலையைக்கூட ஆட்டினார். என் கை பாதி உயரத்துக்கு வந்தது. அதற்குள் பின்னாலிருந்து ஒருவர் உள்ளே நுழைந்துவிட்டார்.

சரி, பள்ளிவாசலிலிருந்து அடக்கம் நடக்கிற மையவாடிக்குப் போகும்போது கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அந்தத் தூரம் எம்புட்டு என்று உனக்குத் தெரியும். நான் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் கேட் வந்துவிட்டது. எல்லோரும் மண் போட்டார்கள், நானும் போட்டேன். ஆனால் உன்னை நான் சுமக்கவில்லை மாப்ளே. பத்தடிகூடச் சுமக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் ரெஹானா வாசலிலேயே நின்றாள். பெண்கள் மையவாடிக்கு வருவதில்லை அல்லவா, எல்லாம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். "மாமா, அத்தாவுக்குத் தோள் குடுத்தீகளா?" என்று கேட்டாள். எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்த யாரோ, "முருகேசண்ணன் குடுக்காம வேற யாரு குடுப்பா?" என்று சொல்லிவிட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அது தலையாட்டியது போல ஆகிவிட்டது.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. நாற்பதாம் நாள் அன்று அவள் மறுபடியும் என்னிடம் வந்தாள். "ஒண்ணு கேக்கணும் மாமா. அத்தா கனமா இருந்தாகளா?"

வாழ்க்கையில் யோசிக்காமல் பட்டென்று நான் சொன்ன பதில் அது ஒன்றுதான். "இல்ல தாயி, பூப்போல இருந்தாரு" என்றேன்.

அந்தப் பேச்சு வீட்டுக்குள் போய்விட்டது. ஜமீலா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள்: "எங்க வீட்டுக்காரக பூப்போலப் போனாக. அண்ணன் தூக்குனவக, அவுகளே சொன்னாக." அதற்குப் பிறகுதான் அம்மா ஒழுங்காகச் சாப்பிடுகிறாள் என்று ரெஹானா என்னிடம் சொன்னாள். இப்போது சொல், நான் எப்படி வாயைத் திறப்பேன்? திறந்தால் அவர்களுடைய ஆறுதல் போகும், எனக்கு உன் வீட்டு வாசற்படியும் போகும். திறக்காவிட்டால் ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தப் பொய்யின்மேல்தான் கால் வைத்து மாடி ஏற வேண்டும். பத்து மாதத்துக்கு மேல் இதையே நாலு பக்கமும் சுற்றி வந்து பார்த்தேன். உன்னைப் பறிகொடுத்தாயிற்று, அவர்களையும் இழக்க எனக்குப் பயமாக இருந்தது.

வருஷ பாத்திஹா அன்று மதுரையிலிருந்து வந்திருந்த சொந்தக்காரர்களிடம் ஜமீலா மறுபடியும் அதைச் சொன்னாள். யூசுப் அப்போது பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தார். அவர் முன்பக்கம் சுமந்தவர், அவருக்கு எல்லாம் தெரியும். நிமிர்ந்து என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு என் இலையில் இன்னொரு கரண்டி போட்டுவிட்டுப் போனார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

அடுத்த சனிக்கிழமை வழக்கம்போலக் குடோனுக்குப் போனேன். இப்போது குடோனை நடத்துவது ரெஹானாதான். டைரி, காலண்டர் ஆர்டர் எல்லாம் வந்து குவிகிற சீசன், நிற்க நேரமில்லாமல் ஓடுகிறாள். ஆனாலும் சனிக்கிழமை பத்துப் பந்தை அவள் விடுவதில்லை. உன் மட்டைதான். தட்டுவதும் உன்னைப் போலத்தான், பார்க்கிறாள், தட்டுகிறாள். அன்றைக்கு ஏழு விழுந்தது அவளுக்கு. மில்காரர்கள் இந்த வருஷம் அவளைக் கொடைக்கானலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். "நீங்களும் வாங்க மாமா, ஒங்களுக்கும் பேரு குடுத்துட்டேன்" என்றாள்.

என் முறை வந்தது. நான் குனிந்து நின்று மட்டையைப் பின்னால் எடுத்தேன். அந்த நேரம் பார்த்து அவள் சொன்னாள்: "அம்மா மதுரைக்காரககிட்டச் சொன்னதக் கேட்டீகளா மாமா? நீங்க தூக்குனதச் சொல்லும்போதுதான் அம்மா மொகத்துல கொஞ்சம் களை வருது."

கை வழக்கம்போலத் தளரப் பார்த்தது. தளரவிடவில்லை, தட்டிவிட்டேன். பந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே சொன்னேன்: "ரெஹானா, நான் தூக்கல."

"என்ன மாமா?"

"அத்தாவுக்கு நான் தோள் குடுக்கல தாயி. கூட நடந்தேன், பக்கத்துல வரைக்கும் போனேன், தூக்கல. கனமா இருந்தாரா லேசா இருந்தாரான்னு எனக்குத் தெரியாது. பூப்போலன்னு சொன்னது நானாச் சொன்ன பொய்."

பந்து விழுந்ததா இல்லையா என்று நாங்கள் இரண்டு பேருமே பார்க்கவில்லை. அவள் பக்கத்து ரீம் அடுக்கில் உட்கார்ந்தாள். "ஏன் மாமா?" என்றாள். எதற்கு ஏன் என்கிறாள், தூக்காததற்கா, பொய் சொன்னதற்கா? நான் கேட்கவில்லை. "யோசிச்சுக்கிட்டே நின்னுட்டேன்" என்றேன். வாயைவிட்டு வந்த பிறகு அது எவ்வளவு அற்பமான காரணம் என்று எனக்கே கேட்டது.

"ஒரு வருஷமா அதச் சொல்லித்தான் அம்மாவ ஆத்துறேன்" என்றாள். "நானும் அத நெனச்சுத்தான் அழாம இருக்கேன்."

"தெரியும் தாயி."

இனி வராதீக என்று சொல்வாள் என்றுதான் நினைத்தேன். சொன்னால் மட்டையை அடுக்கின்மேல் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட வேண்டியதுதான் என்று நின்றேன். அவள் போனை எடுத்தாள். யூசுபுக்குப் போட்டாள், ஸ்பீக்கரில்.

"சின்னத்தா, அத்தாவத் தூக்குனீகளே, கனமா இருந்தாகளா?"

"எதுக்கும்மா இப்பக் கேக்குற?"

"நெசத்தச் சொல்லுங்க சின்னத்தா."

"கனந்தாம்மா. நல்ல கனம். பள்ளிவாசல் போயிச் சேரங்குள்ள நானே ரெண்டு தடவ தோள் மாத்துனேன். மறுநா வரைக்கும் தோள்பட்டை செவந்து கெடந்துச்சு. முருகேசண்ணன் பூப்போலன்னு சொல்லி மதினி மனசு ஆறிப்போச்சு, நாம ஏன் கலைக்கணும்னு இருந்துட்டேன்."

அவள் போனை வைத்தாள். வைத்துவிட்டு அழுதாள் மாப்ளே. நீ போனதிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை, அன்றைக்குத்தான் பார்த்தேன். குடோன் ஆட்கள் படியேறி வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். நான் பக்கத்தில் நின்றேன், வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள்: "கனமாத்தான் இருந்தாகளாம் மாமா. எங்கத்தா திங்கிற சோத்துக்குப் பூ மாதிரி இருப்பாகளா? நானும் நம்பிக்கிட்டு இருந்திருக்கேன் பாருங்க."

பிறகு எழுந்தாள். "அம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும். இப்பவே. வாங்க, ஸ்கூட்டர் கீழதான் நிக்குது." யோசிக்க எனக்கு நேரம் கொடுக்கவில்லை. உன் மகள் அல்லவா?

சொன்னேன். ஜமீலா ஏசினாள். இருபத்தேழு வருஷமாக "வாங்கண்ணே, சாப்பிட்டீகளாண்ணே" என்பதைத் தவிர என்னிடம் வேறு பேசியறியாதவள், கூடப் பிறந்தவனை ஏசுகிற மாதிரி ஏசினாள். என்னென்ன சொன்னாள் என்பதை இங்கே எழுத மாட்டேன், அது நாலு பேருக்கானது இல்லை. ஏசி முடித்துச் சோறு போட்டாள். அன்றைக்கு உன் வீட்டில்தான் சாப்பிட்டேன். இப்போது வருகிறவர்களிடம் அவள் வேறு மாதிரி சொல்கிறாள்: "எங்க வீட்டுக்காரகளத் தூக்க முடியாமத் தூக்கிட்டுப் போனாகளாம்." அதையும் பெருமையாகத்தான் சொல்கிறாள்.

அடுத்த மாதம் நானும் ரெஹானாவும் கொடைக்கானல் போகிறோம். அவள் ஜெயித்தாலும் ஜெயிப்பாள், என்னைப் பற்றி உனக்குத் தெரியும்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுத்துவிட்டு முடிக்கிறேன். இனி உன் வீட்டில் நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும், கூப்பிடுகிறார்களா, எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டு வெளியே நிற்க மாட்டேன். முதல் ஆளாகப் போய்த் தோளைக் கொடுப்பேன். இடம் தப்பென்றால் அவர்கள் நகரச் சொல்லட்டும்.

உன்னைச் சுமக்காமல் விட்ட,
உன் மச்சான்
முருகேசன்